ஒன்றரைச் சுற்று

உங்க மீட்டர் கெட்டுப்போகலீங்கண்ணா. அதைப் போட்டுத் தட்டாதீங்க, பாவம், அது சரியாத்தான் காட்டுது. பதிமூணரை. கோடு நேரா இருக்குதேன்னுதானே குழம்புறீங்க? திருகாணி மேல பாதி, பக்கத்துப் பித்தளை மேல பாதி, சிவப்பா நேர்கோடு. திருகாணி ஒரு இழை அசைஞ்சிருந்தாலும் கோடு உடைஞ்சு தெரியணும். உடையலை. அப்ப காப்பி மிஷின்ல ஒன்பது பார்ல வெச்ச அழுத்தம் ஒன்பதுலயேதானே இருக்கணும்? முள்ளு எப்படிப் பதிமூணரைக்குப் போவுதுன்னு கேக்குறீங்க.

கோடுதாங்க பொய். முதல்ல என் வீட்டுக்காரர் போட்ட கோட்டை அழிச்சுட்டு, திருகாணியைத் திருப்பிட்டு, மறுபடி கோடு போட்டது நான். நெயில் பாலிஷ். ரெண்டு கோடும் என் பாட்டில்ல இருந்துதான். அவர் என்கிட்ட இரவல் வாங்கிப் போட்டார். எனக்கு இரவல் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

என்னங்கண்ணா, கையை நிறுத்திட்டீங்க? நீங்க வேலையைப் பாருங்க. நான் பேசிட்டே இருப்பேன், எனக்கு அப்படித்தான் வரும். அவரும் பாப்பாவும் முடி வெட்டப் போயிருக்காங்க. ஞாயித்துக்கிழமை, கூட்டமா இருக்கும், வர ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள ஒன்பதுக்குக் கொண்டுவந்துடுங்க. சாயங்காலம் ஒரு காலேஜ் டீச்சரம்மா வந்து மிஷினை எடுத்துட்டுப் போறாங்க. நானே திருப்பி வெச்சிருப்பேன். அரை, அரை, அரைன்னு மூணு தடவை இறுக்கினேன், மொத்தம் ஒன்றரைச் சுற்று. திரும்ப ஒன்றரை விட்டா முடிஞ்சுது. ஆனா விக்கிற பொருள் பாருங்க. மீட்டர் வெச்சுப் பார்க்காம, குறையோட ஒண்ணை அடுத்தவங்க தலையில கட்டுறது எனக்கு ஆகாது. எங்க வீட்டுல என்னை அப்படி வளர்க்கலை.

எதுக்கும்மா இந்த வேலைன்னு கேக்குறீங்க. கேக்கலையா? முகத்துல கேட்டீங்க.

ஆரம்பம் ஒரு டம்ளர் காப்பிதாங்க. அப்ப எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். ஆறு வருஷமும் காலையில நான் போடுற பில்டர் காப்பியைத்தான் குடிச்சார். நல்லாருக்குன்னும் சொன்னதில்லை, நல்லா இல்லைன்னும் சொன்னதில்லை. நான் ஏழாவது படிக்கையிலேயே காப்பி போட ஆரம்பிச்சவ. எங்க தோட்டத்துல மஞ்சள் வெட்டு நடந்தா முப்பது பேருக்கு நான் ஒருத்திதான் போடுவேன். எவரும் மிச்சம் வெச்சதில்லை. இவர் அப்ப பம்பு கம்பெனியில டெஸ்டிங்ல இருந்தார். கூட வேலை பார்க்கிற ஒருத்தர் எங்கேயோ கூட்டிட்டுப் போய் இந்த மாதிரி மிஷின் காப்பி வாங்கிக் கொடுத்திருக்கார். மறுநாள் காலையில என் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடிச்சார். குடிச்சுட்டு மேஜை மேல வெச்சார். வெச்சுட்டு என்ன சொன்னார் தெரியுங்களா?

"கோகிலா, இது கசக்குதே. பொடி வெந்துபோச்சு. இத்தனை நாளும் இப்படித்தான் இருந்துச்சா?"

இத்தனை நாளும் இப்படித்தான் இருந்துச்சா. கேள்வியைப் பாருங்க.

எனக்குக் கோபமெல்லாம் இல்லைங்க. சிரிச்சுட்டேன். டம்ளரை எடுத்துட்டுப் போய்த் தொட்டியில ஊத்தி, கழுவிக் கவுத்து வெச்சேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆடி பதினாலு, செவ்வாய்க்கிழமை, ஏழேகால் மணி. கோபம் இருந்தா இப்படிச் சாதாரணமாச் சொல்லுவனா, நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்புறம் ரெண்டே மாசத்துல இந்த மிஷின் வந்து என் மேடையில உட்கார்ந்துச்சு. மிக்ஸியை நகர்த்தி, கிரைண்டரை நகர்த்தி, அரிசி டப்பாவைக் கீழே இறக்கி, ராஜா மாதிரி நடுவுல. அப்புறம் பாருங்க கூத்தை. தராசு வெச்சுப் பதினெட்டு கிராம் பொடி. நகைக்கடையில கூட அவ்வளவு சுத்தமா நிறுக்க மாட்டாங்க. போன்ல நேரம் வெச்சு இருபத்தெட்டு செகண்டு. எலி வால் மாதிரி மெல்லிசா காப்பி இறங்கணுமாம். இறங்கினா அந்த முகத்துல ஒரு சிரிப்பு வரும். பாப்பா பிறந்து நர்ஸு கையில கொடுத்தப்பக்கூட நான் அந்தச் சிரிப்பைப் பார்க்கலை.

பெட்டி மேல பதினஞ்சு பார்னு பெருசா அச்சடிச்சிருந்தது. நான் பெருமையாத்தான் பார்த்தேன். இவர் சொல்றார், அது கூடாது, ஒன்பதுதான் சரி, உள்ளே திறந்து குறைக்கணும்னு. ஏங்கண்ணா, பதினஞ்சை வாங்கிட்டு வந்து ஒன்பதா குறைச்சு வெச்சுக்கிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? நீங்க பார்த்திருப்பீங்க, உங்க தொழில். நான் பார்க்கலை.

ஆனா எடுத்துச் சொன்னதும் புரிஞ்சுது. எங்க ஊர் பள்ளிக்கூடத்துல ஒன்பதாவதுல அழுத்தம்னு பாடமே இருந்தது, அதுல நான் நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டு. அவர் சொன்னார்: "தண்ணி ரொம்ப வேகமா வந்தா பாத்தி நனையுமா? எங்க மண்ணு இளகியிருக்குதோ அங்க வரப்பை உடைச்சுட்டு ஓடிரும்ல? பொடியும் அப்படித்தான். ஒரு பக்கம் வெந்துபோகும், ஒரு பக்கம் நனையவே நனையாது. புளிப்பும் வரும், கசப்பும் வரும்." தண்ணி கட்டின பொண்ணுக்கு இது புரியாதுங்களா? அவர் நல்லா வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம்.

கூட வேலை பார்க்கிறவர்கிட்ட மீட்டர் இரவல் வாங்கிட்டு வந்து, நீங்க இப்ப மாட்டின மாதிரியே பொடி போடுற கைப்பிடியில மாட்டி, மேல்மூடியில நாலு ஸ்க்ரூ கழட்டி, அந்த வால்வுக்குள்ள ஆலன் கீயை விட்டுத் திருப்பித் திருப்பி ஒன்பதுக்குக் கொண்டுவந்தார். டார்ச்சு பிடிச்சது நான். இந்தப் பக்கம் திருப்பினா கூடும், அந்தப் பக்கம் திருப்பினா குறையும். அப்புறம் கோடு போட்டார். "மீட்டரைத் திருப்பிக் கொடுத்துடணும் கோகிலா, இனி கோடுதான் நமக்கு சாட்சி"ன்னார்.

முதல் கப்பை என்கிட்டத்தான் நீட்டினார். "உனக்குத்தான் முதல்ல"ன்னார். நல்ல மனுஷன், அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. பாப்பா அழுவுதுன்னு சொல்லிட்டுக் கப்போட உள்ளே போய் வாஷ்பேசின்ல ஊத்திட்டு வந்து, நல்லாருந்துச்சுங்கன்னு சொன்னேன்.

நாக்குங்க அவருக்கு. சும்மா சொல்லக்கூடாது. ஒரு நாள் குழாய்ல சிறுவாணித் தண்ணி வராம லாரித் தண்ணி ஊத்தினேன். சொல்லவே இல்லை. ஒரு வாய் வெச்சார், "தண்ணி மாத்தினியா?"ன்னார். காப்பிக்கொட்டை பாக்கெட்டைத் திறந்து மோந்து பார்த்துட்டு, இது மழை நாள்ல காய வெச்ச கொட்டைன்னு சொல்லுவார். அந்த நாக்குதான் வம்பு. ஒரு ஞாயித்துக்கிழமை எங்கேயோ காப்பி குடிச்சுப் பார்க்கிற கூட்டம்னு போனார். அங்க கோத்தகிரிப் பக்கம் தோட்டம் வெச்சிருக்கிற போஜன் சார்னு ஒரு பெரியவர் வந்திருக்கார். எட்டுக் கப்பு வெச்சாங்களாம், எது எந்தக் கொட்டைன்னு இவர் எட்டையும் சரியாச் சொல்லியிருக்கார். அவர் இவர் கையைப் பிடிச்சுட்டார். "கொட்டை வறுக்கிற இடம் புதுசா ஆரம்பிக்கிறேன், ஒவ்வொரு வறுவலும் நீங்க குடிச்சுப் பார்த்துச் சொன்னாத்தான் வெளியே போகும், வீடு தர்றேன், குடும்பத்தோட வந்துடுங்க. அடுத்த மாசம் கோயமுத்தூர் வர்றேன், உங்க கையால ஒரு காப்பி குடிச்சுட்டு முடிவு பண்ணிடலாம்."

அன்னிக்கு வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கூடக் கழட்டலை. ஹால்ல நின்னுட்டே சொல்றார்.

நீங்க யோசிச்சுப் பாருங்க. பம்பு கம்பெனி மாப்பிள்ளைன்னு சொல்லித்தான் எங்க வீட்டுல கட்டிக் கொடுத்தாங்க. என்ற அண்ணன் பல்லடத்துல மாட்டுத்தீவன மில்லு வெச்சிருக்கான். மாப்பிள்ளையை மில்லுக்கு வரச்சொல்லு, கூடவே இருக்கட்டும்னு ரெண்டு வருஷமாக் கேட்டுட்டு இருந்தான். இந்தச் சேதி தெரிஞ்சதும் போன்லயே ஆரம்பிச்சுட்டான். "ஏம்மா, மாப்ள டீ மாஸ்டராப் போறாராமா? ஒரு வேட்டி வாங்கித் தரட்டுமா, தோள்ல போட ஒரு துண்டும்?" ஒரு வளைகாப்புக்குப் போனேன், அங்க என் பெரியம்மா மகள் கேக்குறா, "கோத்தகிரியில கடை எங்கடி, பஸ் ஸ்டாண்டுலயா?"ன்னு. வளையல் போட வந்தவங்க எல்லாம் சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காம இருந்தா இன்னும் சிரிப்பாங்க.

வீட்டுக்கு வந்து, வேண்டாங்க, விட்டுடுங்கன்னு சொன்னேன். ஒரே ஒரு தடவை சொன்னேன். அவர் என் ரெண்டு கையையும் பிடிச்சுட்டு, "எனக்கு இந்த ஒண்ணுதான் கோகிலா கைகூடி வருது. இது மட்டும் வேண்டாம்னு சொல்லாதே"ன்னார். சரிங்கன்னுட்டேன். சண்டை போடுற பழக்கமே எனக்குக் கிடையாது. அக்கம்பக்கத்துல கேட்டுப் பாருங்க, இந்த வீட்டுல ஒரு நாள் சத்தம் கேட்டிருக்குமா?

மறுநாள் மத்தியானம். அவர் வேலைக்குப் போயிட்டார், பாப்பா தூங்குது. மேல்மூடி நாலு ஸ்க்ரூ. பஞ்சுல ரிமூவர் நனைச்சு ஒரு இழுப்பு, கோடு போச்சு. ஆலன் கீ அவர் டப்பாவுலயே இருக்குது. அரைச் சுற்று. மறுபடி கோடு. பாப்பா கைவிரல்ல பூசி விடுற எனக்கு அந்தக் கோடு என்ன பிரமாதம்? அவர் போட்டதைவிட என் கோடு நேரா இருந்துச்சு. விளையாட்டுக்குத்தாங்க பண்ணினேன். இவ்வளவு பெரிய நாக்காச்சே, கண்டுபிடிக்குதான்னு பார்ப்போமேன்னு.

காலையில ஒரு வாய் வெச்சார். கப்பை இறக்கினார். "என்னவோ மாறியிருக்குதே."

ஒரே வாய்ங்க! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் என்னைப் பார்த்து, "நீ குடிச்சுப் பாரு"ன்னார். நான் உதட்டை நனைச்சுட்டு, "நேத்து மாதிரியேதாங்க இருக்குது"ன்னேன். அவர் என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். "அப்படியா?"ன்னார். "அப்படித்தான்"ன்னேன்.

அந்த 'அப்படியா' இருக்குது பாருங்கண்ணா, அதுலதான் எனக்கு விஷயமே பிடிபட்டுச்சு. மிஷினைத் திருப்பினது பெரிசில்லை. அவருக்குள்ளேயும் ஒரு திருகாணி இருக்குது.

ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு அரைச் சுற்று. அரைப்பை மாத்தினார், சரியாகலை. வேற கொட்டை வாங்கினார், சரியாகலை. கேன் தண்ணி வாங்கினார். கடைசியில மூடியைக் கழட்டினார். நான்தான் டார்ச்சு பிடிச்சேன். கோடு நேரா இருக்குது. விரலால தடவித் தடவிப் பார்க்கிறார். "மிஷின் சரியாத்தான் இருக்குது"ன்னார். "அப்ப எனக்குத்தான் என்னவோ ஆயிடுச்சு"ன்னார்.

நான் என்ன பொய் சொன்னேன்? ஒரு வார்த்தை சொல்லலை. அவராச் சொன்னார். "போன மாசம் காய்ச்சல் வந்துச்சுல்ல, அதனால இருக்கும், ரெஸ்ட் எடுங்க"ன்னு ஆறுதலாத்தான் பேசினேன்.

அப்புறம் ஒரு பரீட்சை வெச்சார், அதைக் கேளுங்க, சிரிப்பு வரும். மூணு கப்பு. ரெண்டுல ஒரே காப்பி, ஒண்ணுல மட்டும் வேற கொட்டைக் காப்பி. நான் இடம் மாத்தி மாத்தி வெக்கணும், அவர் கண்ணை மூடிட்டு வேற எதுன்னு சொல்லணும். அந்தக் கூட்டத்துல இப்படித்தான் பார்ப்பாங்களாம். பாப்பாவோட ஸ்கூல் டையை எடுத்துக் கண்ணுல கட்டிக்கிட்டு மேஜை முன்னால உட்கார்ந்திருக்கார், காட்சியைப் பாருங்க. பாப்பா கை தட்டுது. முதல் தடவை, "நடுவுல இருக்கிறது"ன்னார். சரியாத்தான் சொன்னார். நான், "இல்லைங்க, கடைசி"ன்னேன். ரெண்டாவது தடவை, "முதல் கப்பு." சரிதான். "இல்லைங்க." மூணாவது தடவை ரொம்ப நேரம் வெச்சிருந்தார் வாயில. "இதுவும் முதல் கப்புதான்... இல்லை, இரு, மூணாவது." முதல்ல சொன்னதுதான் சரி. நான், "ஆமாங்க, மூணாவதுதான், பார்த்தீங்களா சரியாச் சொல்லிட்டீங்க"ன்னு கை தட்டினேன்.

பத்துத் தடவை வெச்சோம். பத்துலயும் முதல்ல சொன்னது சரி. நான் கொடுத்தது மூணு மார்க்கு. அந்த மூணும் அவர் தப்பாத் திருத்திச் சொன்னதுக்கு.

கண்கட்டை அவுத்தப்ப டை நனைஞ்சிருந்துச்சு. வேர்வையா இருக்கும். வெயில் காலம்.

நீங்க அப்படிப் பார்க்காதீங்கண்ணா. நான் அவருக்கு ஒரு வேளை சோறு தாமதமா வெச்சதில்லை. தலைவலின்னா தைலம் தேச்சு விடுவேன். குடிக்கிற புருஷனுக்குத் தெரியாம மாத்திரை கலந்து கொடுக்கிற பொண்ணுங்க எத்தனை பேர் இருக்காங்க, டிவியிலேயே சொல்றாங்க. அந்த மாதிரிதானே இதுவும்? குடிக்கு மருந்து கொடுத்தா நல்லவ, காப்பிக்குக் கொடுத்தா கெட்டவளா?

போஜன் சார் வர்றதுக்கு முந்தின நாள் கடைசி அரைச் சுற்று.

ரொம்ப மரியாதையான மனுஷங்க அவர். வெள்ளைத் துண்டு போர்த்திட்டு வந்து, வாசல்லயே செருப்பை ஓரமா விட்டுட்டு, பாப்பாவுக்குப் பேரிக்காய் ஒரு பை. இவர் காலையிலிருந்து சாப்பிடலை. புதுச் சட்டை. மிஷினைத் துடைச்சுத் துடைச்சு வெச்சிருக்கார். போட்டார். எலி வாலாவது, பூனை வாலாவது, சுர்ருன்னு நாலு பக்கமும் தெறிச்சு இறங்குச்சு. கொடுக்கிறதுக்கு முன்னாடி தனக்கு ஒரு சின்னக் கப்புல ஊத்தி ஒரு வாய் குடிச்சார். முகம் சுண்டிப்போச்சு. எனக்கு அப்பவே தெரியும், நாக்கு சரியாத்தான் சொல்லிடுச்சுன்னு. ஆனா அவர் என்ன பண்ணினார் தெரியுங்களா? திரும்பி என்னைப் பார்த்தார். கேள்வி கேக்கிற மாதிரி. சமையல்கட்டு வாசல்ல பாப்பாவை இடுப்புல வெச்சுட்டு நின்னேன். நல்லாருக்குதுங்கன்னு தலையாட்டினேன். குடிக்காமலே எப்படித் தெரியும்னு கூட அவருக்குத் தோணலை. கொண்டுபோய்க் கொடுத்துட்டார்.

போஜன் சார் ஒரு வாய் குடிச்சார். கப்பை மெதுவா சாசர்ல வெச்சார். அப்புறம், "பூபதி, நீங்க குடிச்சுப் பார்த்துட்டுத்தான் கொடுத்தீங்களா?"ன்னார்.

"ஆமாங்க சார்."

"உங்களுக்கு இது சரியாப் பட்டுச்சா?"

பாருங்க, அங்கதான். தப்பாத்தான் பட்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுஷன் கையோட மலைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பார். அவருக்கு வேண்டியது காப்பி இல்லையே, நாக்குதானே? மிஷினை வேற ஒருத்தன் சரி பண்ணிக்குவான். இவர் மறுபடி என்னைப் பார்த்தார். "சரியாத்தாங்க சார் பட்டுச்சு"ன்னார்.

போஜன் சார் எழுந்து இவர் தோள்ல கை வெச்சார். "உடம்பைப் பார்த்துக்குங்க தம்பி"ன்னார். நான் சும்மா விடுவனா? வீட்டுக்கு வந்தவரை வாய் கசக்க அனுப்பலாமா? "சார், என் கையால ஒரு பில்டர் காப்பி குடிச்சுட்டுப் போங்க"ன்னு கொடுத்தேன். மடமடன்னு குடிச்சுட்டார். ஒரு சொட்டு மிச்சம் வெக்கலை. கார்ல மலையேறணும், வயித்துல ஏதாவது இருக்கட்டும்னு குடிச்சார்னு இவர் அப்புறம் சொன்னார். என்னமோ சொல்லிக்கட்டும். டம்ளர் காலி. அதை ரொம்ப நேரம் கழுவாம வெச்சிருந்தேன்.

அப்புறமென்ன, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போனேன். அவர் லைட்டு அடிச்சுப் பார்த்துட்டு ஒரு குறையும் இல்லைன்னார். இவர் நம்பலை. "டாக்டருக்கு எப்படித் தெரியும், அவரா குடிக்கிறார்?"ன்னார். பம்பு கம்பெனியிலேயும் கை ஓடலை, முள்ளு ஒண்ணு காட்டினா இவர் பக்கத்துல இருக்கிறவனைக் கூப்பிட்டு உனக்கு எவ்வளவு தெரியுதுன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாராம். தை மாசம் அண்ணன் மில்லுக்குப் போயிட்டார். அங்க இவருக்கு வேலை, வர்ற மக்காச்சோளம், புண்ணாக்கு எல்லாம் கெட்டிருக்குதான்னு பார்க்கிறது. மூக்கு எதிரிலேயே மூட்டை பூஞ்சை பிடிச்சு நாறுது, இவர் சுமை தூக்குற ஆளைக் கூப்பிட்டு, "உனக்கு நாத்தம் தெரியுதா?"ன்னு கேக்குறாராம். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். எல்லாரும் இவர்கிட்ட வந்து, "ஏனுங்க மாப்ள, இன்னிக்கு வெயில் அடிக்குதுங்களா?"ன்னு கேக்குறாங்களாம். விளையாட்டுக்குத்தான். இவரும் கோவிச்சுக்கிறதில்லை. முன்னைக்கு இப்ப ரொம்ப சாந்தம். என் காப்பியை முழு டம்ளரும் குடிக்கிறார். கசக்குதுன்னு சொல்றதே இல்லை.

வந்துடுச்சா? ஒன்பது? எங்க காட்டுங்க. அடடா, ஆடாம அசையாம நிக்குது. கோட்டை நீங்களே புதுசாப் போட்டுடுங்க, இந்தாங்க பாட்டில். அப்படியே ஒரு கப்பு போட்டுக் காட்டிடுங்கண்ணா, வாங்குறவங்களுக்குச் சொல்லணும்ல? கொட்டை அந்த டப்பாவுல இருக்குது, நேத்துத்தான் வாங்கினேன். பார்த்தீங்களா எப்படி இறங்குதுன்னு. மெல்லிசா, நூல் மாதிரி. வீடே மணக்குது.

என்னங்கண்ணா? அவர்கிட்டச் சொல்லணுமா? தாராளமாச் சொல்லுங்க, நான் தடுக்க மாட்டேன். நீங்க சொல்லுவீங்க. அவர் என்ன பண்ணுவார்? என் பக்கம் திரும்பி, "அப்படியா கோகிலா?"ன்னு கேப்பார். நான் இல்லைங்கன்னு சொல்லுவேன். அப்புறம் உங்ககிட்டத் திரும்பி, இல்லையாமேன்னு சொல்லுவார். அவ்வளவுதான். அதனால எதுக்கு உங்களுக்கு வீண் சிரமம்? மிஷின்ல ஒரு குறையும் இருந்ததில்லைன்னு சொல்லிட்டுப் போங்க, சுலபமா முடியும்.

இதோ, வண்டிச் சத்தம்.

வாங்க, வாங்க. ஐயோ பாப்பா, மொட்டையே அடிச்சுட்டாங்களா உனக்கு? ஏனுங்க, இவர்தான் மிஷின் பார்க்க வந்தவர். எல்லாம் சரியா இருக்குதுன்னுட்டார். இல்லீங்களாண்ணா? ...பாருங்க, தலையாட்டுறார். இந்தாங்க, ஒரு கப்பு போட்டிருக்குது, விக்கிறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு வாய் குடிச்சுப் பாருங்க.

என்னங்க, அப்படியே நின்னுட்டீங்க? கண்ணை எதுக்கு மூடுறீங்க? சொல்லுங்க, எப்படி இருக்குது?

என்னது? நான் குடிச்சுப் பார்த்தனான்னா? இன்னும் இல்லைங்க. இப்படிக் கொடுங்க.

...

கசக்குதுங்க.

ஆமா. கசப்புத்தான். உங்களுக்கும் அப்படித்தானே இருக்குது? இப்பத்தான் தெரியுதுங்களா? அதான் சொல்றேன். பார்த்தீங்களாண்ணா, அவரும் அதையேதான் சொல்றார். விடுங்க, போகட்டும், இந்தச் சனியனைச் சாயங்காலம் அந்தம்மா எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீங்க போய்ப் பாப்பாவைக் குளிக்க வைங்க, கழுத்தெல்லாம் முடி ஒட்டியிருக்குது. சுடுதண்ணி போட்டிருக்கேன். சூடு சரியா இருக்குதான்னு என்னைக் கேட்டுட்டு ஊத்துங்க.

போயிட்டார்.

ஐயோ அண்ணா, என்ன பண்றீங்க, அந்தக் கப்பைத் தொட்டியில ஊத்தாதீங்க. இப்படிக் கொடுங்க. பாதிக்கு மேல இருக்குதே, ஆறிடப் போவுது.

இல்லீங்க, சர்க்கரையெல்லாம் வேண்டாம்.